அம்மாவின் வைரத்தோடும் 800 டிகிரி சூடும்

எங்கள் வீட்டில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக ஒருவருடைய பெயரைச் சொல்வதில்லை. ‘அந்த ஆசாரி’ என்பதோடு அம்மா நிறுத்திக்கொள்வார்.

நான் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சமயம். அம்மாவின் ஒற்றைக்கல் வைரத்தோடுகளில் ஒன்றின் தண்டு ஒடிந்துவிட்டது. எங்கள் புளோக்கிலேயே மூன்று மாடி கீழே ஒரு நகை ஆசாரி குடியிருந்தார். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு மாற்றிக்கொள்ளும் அளவுக்குப் பழக்கம். அப்பா தோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு நாளில் திரும்பி வந்தது. தண்டு உறுதியாக ஒட்டியிருந்தது. கல்தான் வேறு மாதிரி இருந்தது. இரண்டு தோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று மின்னும். மற்றொன்றின்மீது யாரோ பால் துளி விட்டதுபோல மங்கிக் கிடக்கும்.

“கல்லை மாத்திட்டீங்களா அண்ணே?” என்று அப்பா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. “தம்பி, என் பிள்ளை மேல சத்தியம். நீங்க குடுத்த கல்லுதான் இது” என்றார் அவர். அப்பா நம்பவில்லை. நடைபாதையில் குரல்கள் உயர்ந்தன. அதன்பிறகு பலகாரத் தட்டு நின்றது. சில ஆண்டுகளில் அந்தக் குடும்பம் வேறு பேட்டைக்கு வீடு மாறிப் போய்விட்டது.

சென்ற ஆண்டு என் மகளுக்குக் கொடுக்கலாம் என்று அம்மா அந்தத் தோடுகளை வெளியே எடுத்தார். “ஒண்ணு நெசம், ஒண்ணு கண்ணாடி. கண்ணாடியை மாத்தி நல்ல கல்லு வெச்சுக் குடு” என்றார். கற்களைப் பரிசோதிக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் உருப்பெருக்கியில் பார்த்தார், கருவியில் வைத்துப் பார்த்தார், இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டுமே வைரம்தான் சார். இது மட்டும் மேல வெந்துபோயிருக்கு” என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. துவாஸில் ஓர் எந்திரப் பட்டறையில் இருபது ஆண்டுகளாக வெட்டுக்கருவிகளோடு புழங்குகிறவன் நான். வைரம் எந்தச் சூட்டில் என்ன ஆகும் என்பது என் தொழிலின் அரிச்சுவடி. அந்தத் தோட்டைப் பற்றி ஒருமுறைகூட அப்படி யோசித்ததில்லை.

கடினம் வேறு, சூடு தாங்குவது வேறு. உலகத்திலேயே கடினமான பொருள் எதையும் தாங்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வைரத்துக்கு அது பொருந்தாது. வீட்டில் சோறு வைக்கும் எவர்சில்வர் பாத்திரம்கூட 1,400 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. வைரமோ காற்றில் சுமார் 700 டிகிரியைத் தாண்டினாலே மேற்பரப்பில் எரியத் தொடங்கிவிடுகிறது. உருகுவதில்லை, நேராக எரிகிறது. கரி எரிவதைப் போலத்தான், ஏனென்றால் அதுவும் கரிதான்.

இந்த உண்மையைக் கண்டுபிடிக்க நிறைய வைரம் செலவாகியிருக்கிறது. 1772ஆம் ஆண்டு பிரான்சில் லவாசியே பெரிய குவிவில்லையால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்தார். வெளிவந்த வாயு, கரி எரியும்போது வருவதைப்போலவே சுண்ணாம்பு நீரைக் கலங்கவைத்தது. 1797இல் இங்கிலாந்தின் ஸ்மித்சன் டெனன்ட் ஒரு பொற்குழாய்க்குள் வெடியுப்போடு வைரத்தை வைத்துச் சூடாக்கி, ஒரே எடையுள்ள வைரமும் கரியும் ஒரே அளவு கரியமில வாயுவைத் தருகின்றன என்று காட்டினார். வைரமும் அடுப்புக்கரியும் ஒரே தனிமம் என்பது அதோடு தீர்ந்தது.

ஆனால் அந்தக் காலத்துச் சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பாரிஸ் நகைக்காரருடையது. விஞ்ஞானிகள் ‘வைரம் நெருப்பில் மறைந்துபோகும்’ என்று சொல்லிக்கொண்டிருக்க, அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று வைரங்களைக் கரித்தூளுக்குள் புதைத்து, களிமண்ணால் இறுக மூடி, உலையில் பல மணி நேரம் வைத்தார். திறந்து பார்த்தபோது மூன்றும் அப்படியே இருந்தன. அதே நெருப்பு, அதே கல். சுற்றி இருந்த பொருள்தான் வேறு. காற்று உள்ளே போகவில்லை, போன கொஞ்சத்தையும் கரித்தூள் முதலில் எரிந்து தின்றுவிட்டது.

இன்று மிகைக்கடினத் துகள்களைப் பீங்கானுக்குள் பதித்துக் கருவி செய்கிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். வைரம் எவ்வளவு சூடு தாங்கும் என்று கேட்டால் அவர்கள் திருப்பிக் கேட்பார்கள்: யாரோடு?

காற்றே இல்லாத இடத்தில், எந்த உலோகமும் படாமல் வைத்தால் வைரம் 1,500 டிகிரி வரை பெரிய மாற்றமில்லாமல் நிற்கும். அதற்குமேல் மெல்ல மெல்ல கிராஃபைட்டாக, அதாவது பென்சில் முனையில் இருக்கும் கருப்புப் பொருளாக மாறும். 1,700ஐத் தாண்டிவிட்டால் மாற்றம் வேகமெடுக்கும்.

அது ஏன் மாற வேண்டும்? நாம் வாழும் அழுத்தத்தில் கரிமத்தின் இயல்பான உருவமே கிராஃபைட்தான். வைரம் பூமிக்கு அடியில் 150 கிலோமீட்டரும் அதற்குமேலும் ஆழத்தில், நம் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஐம்பதாயிரம் மடங்கு அழுத்தத்தில் உருவானது. மேலே வந்தபிறகும் அது வைரமாகவே இருப்பது, மேட்டில் கட்டிய ஏரியில் தண்ணீர் நிற்பதைப் போன்றது. தண்ணீருக்குக் கீழே இறங்கத்தான் ஆசை. கரை உயரமாக இருப்பதால் நிற்கிறது. சூடு ஏற ஏற அலை எழும்பிக் கரையைத் தாண்டப் பார்க்கும். சாதாரண அறைச் சூட்டில் அலையே கிடையாது; அதனால் பாட்டியின் மூக்குத்தி பேத்திக்கும் பேத்திக்கும் போய்ச் சேரும்.

கரையில் நண்டு வளை இருந்தால் கதை மாறிவிடும். இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகிய மூன்றும் வைரத்தின் கரையில் வளை தோண்டும் நண்டுகள். இவை பக்கத்தில் இருந்தால் 1,500 டிகிரி தேவையில்லை, சுமார் 700 டிகிரியிலேயே வைரம் கிராஃபைட்டாகத் தொடங்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செயற்கை வைரம் செய்யக் கைகொடுத்ததும் இதே உலோகங்கள்தான். 1954ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் டிரேசி ஹால் வைரம் செய்தது இரும்பு வகை உருகலின் துணையோடு. அதிக அழுத்தத்தில் உருகிய உலோகம் கரிமத்தைக் கரைத்து வைரமாகக் கட்டிக்கொடுக்கும். அழுத்தம் போனபிறகு சூடேற்றினால் அதே உலோகம் அதே வேலையைப் பின்னோக்கிச் செய்யும். கட்டிய கொத்தனாரே வீட்டை இடிப்பதைப்போல.

எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் இதை அனுபவத்தில் கற்றார்கள். 1970களில் வந்த ஒரு வகைத் துளைப்பற்கள் இன்று உலகம் முழுவதும் ஓடுகின்றன. நுண்ணிய வைரத்தூளைச் சுமார் 1,400 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலும் ஐம்பதாயிரம் மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் கோபால்ட்டோடு சேர்த்து அழுத்தி, ஒரே வில்லையாக ஆக்கியவை அவை. வைரத் துகளும் துகளும் ஒட்டிக்கொள்ளக் கோபால்ட் உதவுகிறது. வேலை முடிந்தும் இடுக்குகளில் தங்கிவிடுகிறது. பிறகு பூமிக்கு அடியில் கடினமான பாறையில் உராய்ந்து பல்லின் நுனி 700 டிகிரியை நெருங்கும்போது இரண்டு விதத்தில் வம்பு செய்கிறது. ஒன்று, நண்டு வேலை. இன்னொன்று, சூட்டில் கோபால்ட் வைரத்தைவிடப் பல மடங்கு அதிகமாக விரியும். இறுக்கமான சட்டைக்குள் உடம்பு பருத்தால் தையல் விடுவதுபோல, வைரத் துகள்களுக்கு இடையே உள்ள பிணைப்பு பிரிந்து பல் பொரிந்துபோகும்.

தீர்வாகச் செய்தது, செய்து முடித்த பல்லை அமிலத்தில் ஊறவைத்து, மேற்பரப்பை ஒட்டிய கோபால்ட்டைக் கரைத்து எடுப்பது. வைர எலும்புக்கூடு மட்டும் மிஞ்சும். நல்ல தீர்வுதான். ஆனால் மெல்லிய அடுக்குக்குமேல் எடுக்க வாரக்கணக்கில் ஆகும். எடுத்த இடமெல்லாம் நுண்துளைகளாக நிற்கும்.

துரோகி என்று தெரிந்தும் உலோகத்தை ஏன் கூப்பிட வேண்டும்? பீங்கானைக் கூப்பிட்டால் என்ன?

பீங்கான் என்றதும் தேநீர்க் கோப்பையை நினைக்க வேண்டாம். நான் சொல்வது சிலிக்கன் கார்பைடு, அலுமினா, சிலிக்கன் நைட்ரைடு, டைட்டேனியம் நைட்ரைடு போன்ற பொறியியல் செராமிக் வகைகள். இவற்றில் வைரத்துக்கு மிகவும் இணக்கமான துணை சிலிக்கன் கார்பைடு. உப்புத்தாள் என்று நாம் வாங்கும் கருப்புத் தேய்தாளில் இருக்கும் அதே பொருள்தான்.

செய்முறை அழகானது. வைரத்தூளை அச்சில் அடைத்து, சிலிக்கனை 1,414 டிகிரிக்கு மேலே உருக்கி உள்ளே இறங்கவிடுவார்கள். உருகிய சிலிக்கன் வைரத் துகளைத் தொட்ட இடத்தில் மேல்தோல் கரிமத்தோடு சேர்ந்து சிலிக்கன் கார்பைடாகிவிடும். வைரம் தன் தோலில் கொஞ்சம் கொடுத்துத் தனக்கே ஒரு சட்டை தைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். அந்தச் சட்டை துகளையும் துகளையும் பிணைக்கிறது. அது நண்டு வேலை செய்யாது. சூட்டில் விரியும் அளவும் வைரத்துக்கு நெருக்கமானது. இப்படிச் செய்த கலப்புப்பொருள், காற்று படாத இடத்தில் சுமார் 1,200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. கோபால்ட் வைத்ததோடு ஒப்பிட்டால் 500 டிகிரி கூடுதல்.

காற்றுள்ள இடத்தில் இவ்வளவு எதிர்பார்க்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வெளியே தலைநீட்டும் துகள்கள் 700, 800 டிகிரியில் எரிந்து குழிகளாகிவிடும். உள்ளே புதைந்தவை தப்பிக்கும், சுற்றியுள்ள பீங்கானில் வெளியோடு தொடர்புள்ள துளை இல்லாதவரை. அந்தப் பாரிஸ் நகைக்காரர் களிமண்ணால் இறுக மூடினாரே, அதுதான் இங்கும். பீங்கான் கெட்டியாக, ஓட்டையில்லாமல் வெந்திருக்க வேண்டும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பீங்கான் கெட்டியாக வேகச் சூடு வேண்டும், நேரமும் வேண்டும். அலுமினாத் தூளைச் சாதாரண உலையில் கெட்டியாக்க 1,500, 1,600 டிகிரியில் மணிக்கணக்காக வைப்பார்கள். பீங்கான் வெந்து முடிவதற்குள் அதில் கலந்த வைரம் பாதி கரியாகிவிடும். தாளிப்பில் வெந்தயம் போட்ட அனுபவம் இருப்பவர்களுக்கு இது புரியும். வெங்காயம் வதங்கும் வரை காத்திருந்தால் வெந்தயம் கருகிக் கசந்துவிடும்.

இதற்கு நேரத்தைக் குறைப்பதே வழி. கிராஃபைட் அச்சில் தூளை அடைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு, அச்சின் வழியாகவே பெரிய மின்னோட்டத்தைச் செலுத்துவார்கள். நிமிடத்துக்கு 100 டிகிரி, சில சமயம் அதற்குமேல் என்று சூடு ஏறும். உச்சச் சூட்டில் சில நிமிடங்கள் வைத்துவிட்டு நிறுத்திவிடலாம். அழுத்தமும் சேர்ந்துகொள்வதால் வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பீங்கான் இறுகிவிடுகிறது. பிளாஸ்மா என்ற சொல் இதன் ஆங்கிலப் பெயரில் இருக்கிறது. உண்மையில் உள்ளே பிளாஸ்மா எழுகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் நெடுநாள் சண்டை. பெயர் வைத்தாயிற்று, அப்படியே இருக்கிறது.

வைரம் மாறியதா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஒரு வழி மிக எளியது: எடைபோடுவது. ஒரு கன சென்டிமீட்டர் வைரம் 3.51 கிராம். கிராஃபைட் 2.26 கிராம்தான். ஆக, ஒரு துகள் முழுவதும் கிராஃபைட்டானால் ஒன்றரை மடங்குக்குமேல் பருக்கும். கல்லுக்குள் சிக்கிய விதை முளைவிட்டால் என்ன ஆகுமோ அது பீங்கானுக்கும் ஆகும். விரிசல் விடும், அடர்த்தி குறையும். தண்ணீரில் மூழ்கவைத்து எடைபோட்டு அடர்த்தியைக் கணக்கிட்டால் முதல் சந்தேகம் கிளம்பிவிடும். பிறகு ஊடுகதிர்ச் சோதனையும் ராமன் ஒளிச் சோதனையும். நம் சி.வி.ராமன் கண்டறிந்த விளைவேதான். வைரத்துக்கு அதில் 1332 என்ற இடத்தில் ஒல்லியான, கூர்மையான ஒரு கோடு வரும். கிராஃபைட் வந்துவிட்டால் தள்ளி 1580 பக்கம் இன்னொரு கோடு தலைகாட்டும். பொய் சொல்ல முடியாது. ராமனே வைரங்களைச் சேகரித்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

பட்டறையில் எங்களுக்கு அன்றாடம் உதவுவது வைரம்கூட அல்ல, அதன் தம்பி.

புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், பாலிடெக்னிக் முடித்த கையோடு வந்தவன், முதல் வாரம் என்னிடம் கேட்டான். கடினமாக்கப்பட்ட எஃகு உருளையைக் கடைந்துகொண்டிருந்தோம். சீவல் செக்கச்செவேலென்று பறந்தது. “ஏண்ணே தண்ணி விடல? எங்க வீட்டு ரெனொவேஷன்ல டைல்ஸ் வெட்டினவங்ககூடத் தண்ணி ஊத்தி ஊத்தித்தானே வெட்டினாங்க?”

நல்ல கேள்வி. வீவக வீட்டில் தரைக்கல் வெட்டும் தகட்டின் விளிம்பில் இருப்பது உலோகத்தில் பதித்த வைரத்துகள். பக்கத்தில் உலோகம், சுற்றிலும் காற்று. சூடு ஏறினால் இரண்டு எதிரிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்கள். தண்ணீர் அந்தச் சூட்டைத் தணிக்கிறது. நுரையீரலுக்குக் கேடான சிலிக்காத் தூசியையும் அடக்குகிறது. அதற்காகவாவது தண்ணீர் விட்டே ஆக வேண்டும். அதே தகட்டால் இரும்புக் கதவை வெட்டப்போனால் வைரம் சீக்கிரம் தேய்ந்துவிடும். சூடான இரும்பு கரிமத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

எஃகை வெட்ட வேறு ஆள் வேண்டும். 1957இல் அதே ஜெனரல் எலெக்ட்ரிக் கூடத்தில் ராபர்ட் வென்டார்ஃப் அவரை உருவாக்கினார். தனிமங்களின் அட்டவணையில் கரிமத்துக்கு இருபக்கமும் உட்கார்ந்திருப்பவை போரானும் நைட்ரஜனும். இரண்டையும் சரிபாதி சேர்த்து, வைரத்தைப்போலவே அழுத்தத்தில் அடுக்கினால் கனசதுர போரான் நைட்ரைடு கிடைக்கும். கடினத்தில் வைரத்தின் ஏறத்தாழ பாதி. ஆனால் இரும்போடு வம்பு வைத்துக்கொள்வதில்லை. காற்றில் ஆயிரம் டிகிரியைத் தாண்டியும் நிற்கும்.

எங்கள் கருவி நுனியில் இருப்பது இந்தத் துகள்களை டைட்டேனியம் நைட்ரைடு போன்ற செராமிக்கில் பதித்த கலப்புப்பொருள். வெட்டும் இடத்தில் ஆயிரம் டிகிரி வரை சூடு ஏறும். அந்தச் சூடு எங்களுக்கு வேண்டும். அதில் எஃகு இளகும், கருவி இளகாது. விட்டுவிட்டு வெட்ட வேண்டிய இடத்தில் தண்ணீரை ஊற்றினால் சூடான செராமிக் திடீரென்று குளிர்ந்து விரிசல் விடும். அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடிப் பாத்திரத்தைக் குழாயடியில் வைப்பதைப்போல. பையனுக்கு இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் உருளை கடைந்து முடிந்துவிட்டது.

தம்பிக்கும் பலவீனம் இல்லாமல் இல்லை. அதிகச் சூட்டில் அவரும் உருமாறுவார். வைரம் கிராஃபைட்டாவதுபோல இது அறுகோண போரான் நைட்ரைடாகிவிடும். அது வெள்ளை நிறத்தில் வழுவழுவென்று இருக்கும் மென்மையான தூள். முகப்பூச்சிலும் உதட்டுச்சாயத்திலும் சேர்க்கிறார்கள். வெட்டுக்கருவிக்குள் உதட்டுச்சாயப் பொருள் உருவானால் கருவி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதுவும் ஒன்றரை மடங்கு பருக்கும். மாற்றம் துகளின் மேற்பரப்பில் தொடங்குவதால், துகள் பொடியாகப் பொடியாக மேற்பரப்பு பெருகி, மாற்றமும் சீக்கிரம் வரும். அதனால் சிலர் ஒவ்வொரு துகளுக்கும் முதலில் மெல்லிய சிலிக்காப் பூச்சு கொடுத்துவிட்டுப் பிறகு அலுமினாவில் கலந்து சுடுகிறார்கள். உருமாற்றம் தள்ளிப்போகிறது. மறுபடியும் சட்டை.

கனசதுர போரான் நைட்ரைடு காற்றில் எரியாமல் நிற்பதற்கும் ஒரு சட்டைதான் காரணம். மேற்பரப்பில் உள்ள போரான் காற்றோடு சேர்ந்து போரான் ஆக்சைடாகிறது. அது சுமார் 450 டிகிரியில் உருகித் தேன்போல மேலே பரவிக்கொள்ளும். உள்ளே இருப்பதை ஆக்சிஜன் எட்ட முடியாது. ஆயிரம் டிகிரிக்கு மேலே போகப் போக அந்தப் பூச்சும் ஆவியாகத் தொடங்கும் என்பது வேறு கதை.

இந்தப் போரான் ஆக்சைடு நமக்கு அந்நியமில்லை. கேரம் பலகையில் காய் வழுக்கத் தூவும் போரிக் பவுடரைச் சூடாக்கினால் தண்ணீர் பிரிந்து இதுதான் மிஞ்சும். நகை ஆசாரிகள் பொடி வைத்து ஊதும்போது போடும் வெங்காரமும் போரான் உப்பே. ‘பொடி வைத்துப் பேசுவது’கூட இந்தப் பட்டறையிலிருந்து வந்த பேச்சு என்பார்கள். பொடி என்பது ஒட்டுவதற்கான உலோகத்தூள். 22 காரட் தங்கம் 900 டிகிரியைக் கடந்தால் உருகத் தொடங்கிவிடும் என்பதால், பொடி அதற்குச் சற்றுக் கீழே உருகுவதாக இருக்க வேண்டும். ஆக, கல்லுக்குப் பக்கத்திலேயே 800 டிகிரி.

அந்தச் சூட்டில் கல்லைக் காப்பாற்ற நகைத் தொழிலில் ஒரு வழி உண்டு. போரிக் அமிலத்தைச் சாராய வகைத் திரவத்தில் கலக்கி, கல்லோடு நகையை அதில் முக்கி எடுத்துப் பற்றவைப்பார்கள். சாராயம் பச்சைச் சுடராக எரிந்து போகும். வெள்ளைப் பூச்சு ஒன்று கல்லின்மீது நிற்கும். ஊதுகுழல் சூட்டில் அது உருகிக் கண்ணாடிப் படலமாகி, வைரத்துக்கும் காற்றுக்கும் இடையே நிற்கும். வேலை முடிந்ததும் கழுவிவிடலாம். பல லட்சம் வெள்ளி இயந்திரத்தில் செராமிக்குக்குள் ஆய்வாளர்கள் போட்டுவிடும் சட்டையை, பட்டறைகளில் ஒரு கிண்ணத்திலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு எங்கள் புளோக் ஆசாரி பூச்சுப் போட மறந்தாரா, போட்டது ஓரத்தில் ஒட்டாமல் விட்டதா, ஒடிந்த தண்டு சரியாகப் பிடிக்கவில்லை என்று சுடரைக் கூடுதல் நேரம் காட்டிவிட்டாரா, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தண்டு கல்லுக்கு நேர் பின்னால் இருந்தது. கல்லைக் கழற்றாமல் ஊதியிருக்கிறார். வேலையில் பிழைதான். ஆனால் அவர் கல்லை மாற்றவில்லை.

எரிந்தது மேல்தோல் மட்டும் என்பதால் கல்லைத் திரும்பப் பட்டை தீட்டினால் போதும் என்றார் பரிசோதித்தவர். எடை கொஞ்சம் குறையும். தீட்டி வந்தபிறகு இரண்டு தோடுகளையும் அம்மாவின் உள்ளங்கையில் வைத்தேன். சன்னல் பக்கம் போய், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். எது எது என்று அவருக்கே தெரியவில்லை.

நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு அவர் பெயரைச் சொல்லிக் கேட்டார். அவர் காலமாகிப் பல வருடமாகிவிட்டது என்றேன். அந்தச் செய்தி அப்போதே எங்களுக்குத் தெரியும், போகவில்லை.

“அவர் பொண்ணு? உன்கூடத்தானே தமிழ் வகுப்புல இருந்துச்சு?”

ஈசூனில் இருப்பதாகக் கேள்வி. கோயிலில் தெரிந்த ஒருவர் மூலம் எண் வாங்கி வைத்திருக்கிறேன். பேசுவது நான் இல்லை, தானேதான் பேச வேண்டும் என்கிறார் அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடலாம் என்று இருக்கிறார். அதற்கு முந்தின நாள் முறுக்கு சுட வேண்டுமாம். மாவு அரைத்துவரச் சொல்லியிருக்கிறார்.